பின்கட்டுத் தொட்டி அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். உங்கள் போனில் என் எண்ணுக்கு நேராக ‘கேசரி வீடு’ என்றுதான் இருக்கும். மீனின் பெயரால் எங்கள் குடும்பத்தை அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் பெயரை இந்த மடலில் எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்டபோது, “வேணாம் தம்பி, வைத்தியம் பாக்கறவன்னு நெனச்சுக்குவாங்க. நான் மீன் வளக்கறவ” என்றீர்கள். அதற்குக் கட்டுப்படுகிறேன். நன்றியை மட்டும் ஊரறியச் சொல்லிவிடுகிறேன், அதைத் தடுக்காதீர்கள்.

வீட்டில் வளர்க்கும் நாய்க்கோ பூனைக்கோ முடியவில்லை என்றால் எங்கே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். மீனுக்கு முடியவில்லை என்றால் ஓட இடமில்லை. உறவினர்களிடம் சொன்னால் பேச்சை மாற்றுகிறார்கள். கடையில் சொன்னால், “அது போயிடும் சார், நல்ல பீஸ் புதுசா வந்திருக்கு, பாக்கறீங்களா?” என்கிறார்கள். உங்களுக்குப் போன் செய்தபோது நீங்கள் கேட்ட முதல் கேள்வி, “சாப்பிடுதா?” அடுத்தது, “தண்ணி டெஸ்ட் பண்ணீங்களா?” ஒரு நோயாளியைப் பற்றிக் கேட்கிற கேள்விகள் அவை. என் பதற்றத்தில் பாதி அங்கேயே அடங்கிவிட்டது.

சென்னையில் மீன் வளர்ப்பவர்களுக்குக் கொளத்தூரைச் சொல்லித்தர வேண்டியதில்லை. செங்குன்றம் சாலையில் வரிசையாக மீன் கடைகள். உள்ளே தெருக்களுக்குள் போனால் பின்கட்டிலும் மொட்டைமாடியிலும் சிமென்ட் தொட்டி கட்டி, குஞ்சு பொரிக்கவைத்துப் பிழைக்கும் குடும்பங்கள். அப்படி ஒரு பின்கட்டில், கறுப்பு வலை போர்த்திய தொட்டியிலிருந்து நீங்கள் அள்ளிக் கொடுத்த குஞ்சுதான் கேசரி. ஒரண்டா வகை, கட்டைவிரல் நீளம், தலையில் அந்தச் சதைத் தொப்பி இன்னும் வளரத் தொடங்காத வயது. நிறத்தைப் பார்த்து என் மகள் அங்கேயே பெயர் வைத்துவிட்டாள். “பொன்மீன் நல்லா பாத்துக்கிட்டா பத்து வருஷம், பதினஞ்சு வருஷம்கூட இருக்கும். யோசிச்சு வாங்குங்க” என்று நீங்கள் சொன்னபோது விற்கிறவர் பேசுகிற பேச்சாகவே அது இல்லை. இங்கிலாந்தில் 1956-இல் ஒரு திருவிழாவில் பரிசாகக் கிடைத்த பொன்மீன் 1999 வரை, 43 வருடங்கள் வாழ்ந்தது என்று பிற்பாடு படித்தபோது உங்கள் எச்சரிக்கைதான் நினைவுக்கு வந்தது.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல். மழை விட்ட பிறகும் எங்கள் தெருவுக்கு மின்சாரம் வரவில்லை, டவரும் இல்லை. மனிதர்களே குடிதண்ணீருக்கு அலைந்துகொண்டிருந்தோம். தொட்டியில் ஏர் பம்ப் நின்றுவிட்டது. மகளும் அவள் அம்மாவும் முறை வைத்துக்கொண்டு, தொட்டித் தண்ணீரையே சொம்பில் மொண்டு கையை உயர்த்தி மறுபடி அதிலேயே ஊற்றிக்கொண்டிருந்தார்கள். விழுகிற தண்ணீரோடு காற்றும் கலக்கும் என்று எப்போதோ நீங்கள் சொன்னதை மகள் மறக்கவில்லை. சிக்னல் தலைகாட்டியதும் உங்களைத்தான் கூப்பிட்டேன். “கரண்ட் வந்ததும் ஃபில்டரை அப்படியே போட்டுடாதீங்க. உள்ள நின்ன தண்ணி அழுகியிருக்கும். கழட்டி, தொட்டித் தண்ணியிலயே அலசிட்டு அப்புறம் போடுங்க. ரெண்டு மூணு நாள் தீனி வேணாம், பட்டினியில சாகாது” என்றீர்கள். உங்கள் தெருவே அப்போது தண்ணீரில் நின்றது. அதைப் பற்றி ஒரு வார்த்தை நீங்கள் சொல்லவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்காக இங்கே கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், நீங்கள் எனக்கு விளக்கிய முறையிலேயே. மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும். ஃபில்டர் நின்று தண்ணீர் ஓடாமல் போனால் அவை சாகத் தொடங்கும். பிறகு மின்சாரம் வந்து மோட்டார் ஓடினாலும் தண்ணீரைச் சுத்தம் செய்ய ஆளில்லை. எங்கள் தொட்டியில் நடந்தது அதுதான். டெஸ்ட் கிட்டில் மஞ்சளாக இருக்க வேண்டிய குழாய் பச்சையாக நின்றது. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் பி.எச். எட்டை ஒட்டி இருக்கும். அம்மோனியாவில் மீனைக் கொல்லும் பகுதி, பி.எச். ஏழில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. எட்டில் ஐந்து பங்கைத் தாண்டிவிடும். ஒரே அளவு அம்மோனியா, ஒரு வீட்டில் மீனை வாட்டும், இன்னொரு வீட்டில் கொன்றுவிடும். தினமும் பாதித் தண்ணீர் மாற்றச் சொன்னீர்கள். நைட்ரைட் ஏறத் தொடங்கியதும் கல் உப்பு, லிட்டருக்கு ஒரு கிராம். உப்பில் இருக்கும் குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் ரத்தத்தில் ஏறாமல் தடுக்கிறது என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். நீங்கள் அதை அனுபவத்தில் வைத்திருந்தீர்கள்.

தொட்டி தேறியது. கேசரி தேறவில்லை. மார்கழிக் காலை ஒன்றில் வயிறு உப்பியது போலத் தெரிந்தது. பெண் மீன் என்பதால் முட்டையாக இருக்கலாம் என்று மனைவி சொன்னாள். மலச்சிக்கலாக இருக்கலாம் என்றேன். “பக்கவாட்டுல பாத்தா ஒண்ணும் தெரியாது தம்பி. மேலேருந்து பாருங்க” என்றீர்கள். மூடியைத் திறந்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மேலிருந்து பார்த்தோம். உடம்போடு படிந்திருக்க வேண்டிய செதில்கள் ஒவ்வொன்றும் நுனி தூக்கி நின்றன, அன்னாசிப் பழத்தின் தோல் போல. முட்டை வயிறாக இருந்தால் வயிறுதான் பெருக்கும், செதில் தூக்காது. போட்டோ எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு நீங்களே அழைத்தீர்கள். “டிராப்ஸி. பெரும்பாலும் போயிடும். ஆனா இன்னும் சாப்பிடுதுன்னா பாத்துடலாம்.”

அந்த இரண்டாவது வாக்கியத்துக்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். முதலாவது வாக்கியத்துக்கு அதைவிட அதிகமாக. பிழைத்துவிடும் என்று பொய் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருப்பேன், என் மகளிடமும் அதையே சொல்லியிருப்பேன். கனமான செய்தியைக் கனமாகவே சொல்லி, கையில் ஒரு வேலையையும் கொடுத்தீர்கள்.

டிராப்ஸி என்பது தனி நோய் இல்லை, உள்ளே ஏதோ ஒன்று பழுதாகிவிட்டது என்பதன் அடையாளம். நன்னீர் மீனின் உடம்புக்குள் இருக்கும் உப்பு, வெளியே இருக்கும் தண்ணீரைவிட அதிகம். அதனால் செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் தண்ணீர் இரவு பகலாக உள்ளே நுழைந்துகொண்டே இருக்கிறது. அதை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. சிறுநீரகம் தளர்ந்தால் நுழைந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் வயிற்றிலும் செதிலுக்கு அடியிலும் கண்ணுக்குப் பின்னாலும் தேங்குகிறது. தண்ணீரிலேயே பிறந்து தண்ணீரிலேயே வாழும் உயிர், தனக்குள் நிறையும் தண்ணீரை வெளியேற்ற முடியாமல் திணறுகிறது. மீனுக்குச் சிறுநீரகத்தின் முன்பகுதிதான் ரத்த அணுக்களும் நோயை எதிர்க்கும் அணுக்களும் உருவாகும் இடம். அது கெட்டால் கழிவும் நிற்கிறது, எதிர்ப்புச் சக்தியும் குறைகிறது. ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் எல்லாத் தொட்டியிலும் எப்போதும் இருப்பவைதான். நலமான மீனை அவை ஒன்றும் செய்வதில்லை. அம்மோனியாவில் அடிபட்ட மீனிடம் அவற்றுக்கு வழி கிடைத்துவிடுகிறது. புயலுக்கும் கேசரியின் வயிற்றுக்கும் இருந்த தொடர்பை இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

கடையில் நீல மருந்து ஒரு பாட்டில் கொடுத்தார்கள். மெத்திலீன் புளூ. நல்ல மருந்துதான், குறைசொல்ல மாட்டேன். 1876-இல் சாயமாகப் பிறந்து, 1891-இல் மலேரியாவுக்கே கொடுத்துப் பார்க்கப்பட்ட பொருள் அது. முட்டைகளில் பூஞ்சை படராமல் இருக்க நீங்களும் வைத்திருக்கிறீர்கள். “இது தோலுக்கு, முட்டைக்கு. உங்க மீனுக்கு நோவு உள்ள இருக்கு. இதை ஊத்தினா ஃபில்டர்ல மிச்சம் மீதி உயிரோட இருக்கறதும் போயிடும்” என்று சொல்லி அந்தப் பாட்டிலைத் திறக்கவிடாமல் செய்தீர்கள். வாங்கிய மருந்தை ஊற்றாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பது நோயாளி வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும்.

அன்று மாலை ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்கிக்கொள்ள உங்கள் வீட்டுக்கு வந்தேன். சுவரில் இடுப்புக்கு மேலே சேற்றுக் கோடு காயாமல் இருந்தது. பின்கட்டில் பாதித் தொட்டிகள் காலி. வெள்ளம் ஏறியபோது தாய் மீன்கள் எல்லாம் தொட்டி விளிம்பைத் தாண்டிச் சாக்கடையோடு போய்விட்டன என்று உங்கள் மகன்தான் சொன்னார், நீங்கள் சொல்லவில்லை. மிஞ்சிய தொட்டி ஒன்றில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்சைக் கழற்றி, அதே தண்ணீரோடு பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்தீர்கள். “புதுசு வாங்காதீங்க. புதுசுல உயிர் இருக்காது. இதுல குடியிருக்கு. காயவிடாம கொண்டுபோங்க.” வருடக்கணக்காக வளர்த்த மீன்களைப் பறிகொடுத்த கையால், நலமாக இருந்த தொட்டியின் ஸ்பாஞ்சை எடுத்து, எங்கோ ஒரு வீட்டில் வீங்கிக் கிடந்த எழுபது ரூபாய் மீனுக்காகக் கொடுத்தீர்கள். பணம் வாங்கிக்கொள்ளவில்லை. இந்த மடலை எழுதியே ஆக வேண்டும் என்று என்னை உட்கார வைத்தது அந்தப் பாலிதீன் பைதான், அக்கா.

வீட்டில் வைத்தியசாலை அமைத்தோம். துணி ஊறவைக்கும் வெள்ளை டப், நாற்பது லிட்டர் பிடிப்பது. வெள்ளையாக இருந்தால் கழிவின் நிறம் தெரியும், மீனின் நிறமாற்றமும் தெரியும். அடியில் கல்லோ மணலோ இல்லை. தண்ணீர் இரண்டு சாண் உயரத்துக்கு மேல் வேண்டாம் என்றீர்கள், களைத்த மீன் மேலே வர அதிகம் நீந்த வேண்டியிராது என்று. வலை வேண்டாம், கிண்ணத்தால் தண்ணீரோடு அள்ளுங்கள் என்றீர்கள். தூக்கி நிற்கும் செதில் வலையில் சிக்கினால் பிய்ந்துவிடும், மேலே இருக்கும் வழவழப்பும் போய்விடும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தண்ணீரில் கை வைக்காதீர்கள், அந்தக் கிருமி நம் காயத்துக்கும் ஆகாது என்றும் சொன்னீர்கள். டப்பின் மேல் பாதி மூடும்படி ஒரு வேட்டியைப் போட்டோம். வெளிச்சம் குறைந்ததும் கேசரியின் செவுள் அடிப்பது கண்ணுக்குத் தெரியும்படி மெதுவாயிற்று.

பிறகு எப்சம் உப்பு. மருந்துக் கடையில் கிடைக்கும் மெக்னீசியம் சல்பேட். இருபது லிட்டருக்கு அரைக்கால் டீஸ்பூன். உடம்பில் தேங்கிய நீரை இறக்க உதவும் என்று உலகெங்கும் மீன் வளர்ப்பவர்கள் கைக்கொள்ளும் பொருள். அளவைவிட நீங்கள் அழுத்திச் சொன்னது கணக்கு. “தண்ணி வத்திப் போனா உப்பு அங்கேயேதான் இருக்கும். நீங்க மொண்டு வெளிய ஊத்தின தண்ணிக்கு மட்டும்தான் திரும்ப உப்பு சேர்க்கணும்.” இந்த ஒரு வரி தெரியாமல் எத்தனை வீட்டு டப்புகளில் உப்பு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். மகள் அந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினாள். எடுத்த தண்ணீர், சேர்த்த தண்ணீர், சேர்த்த உப்பு, சாப்பிட்டதா இல்லையா, கழிவின் நிறம். பள்ளிப் பாட நோட்டுகூட அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. மாற்று நீரை முந்தைய நாளே வாளியில் பிடித்து ஆன்டி குளோரின் கலந்து, டப்புக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுவோம், இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றாக வரட்டும் என்று.

ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் நீங்கள் நடந்துகொண்ட விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மனிதர்களுக்கான மாத்திரையைப் பொடித்துத் தொட்டியில் தூவுங்கள் என்று சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். உங்களிடமும் கேட்டேன். “அதை நான் சொல்லக் கூடாது தம்பி” என்று மறுத்துவிட்டு, மீன் நோய் படித்த ஒரு டாக்டரின் எண்ணைத் தந்தீர்கள். வேப்பேரியில் 1903-இலிருந்தே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மீன்வளத்துக்கென்றே நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2012-இலிருந்து ஒரு பல்கலைக்கழகமும் இருக்கிறது. அங்கெல்லாம் படித்து வந்தவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள், நாம்தான் மீனுக்காக அவர்களைத் தேடிப் போவதில்லை. அந்த டாக்டர் சொன்ன ஒரு விஷயம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பதில்லை. குடிக்கத் தேவையில்லாத அளவுக்கு அது தானாகவே உள்ளே வருகிறது. ஆகவே தண்ணீரில் கரைத்த மருந்தில் பெரும்பாலானவை சிறுநீரகத்தில் இருக்கும் கிருமி வரை போதிய அளவு போய்ச் சேர்வதில்லை. மருந்து தீனியோடு உள்ளே போக வேண்டும். “சாப்பிடுதா?” என்று நீங்கள் முதலில் கேட்டது ஏன் என்று அப்போது விளங்கியது.

மருந்தின் அளவு மீனின் எடையைப் பொறுத்தது. சமையலறைத் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, அதில் கேசரியை இறக்கினோம். நூற்று நாற்பது கிராம். அதில் எவ்வளவு மீன், எவ்வளவு தேங்கிய நீர் என்று யோசித்தபடி அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. ரமலான் மாதத்தில் பக்கத்து வீட்டில் கொடுத்தனுப்பும் கடல்பாசி எங்கள் வீட்டிலும் இருந்தது. அதைக் காய்ச்சி, தோல் உரித்து மசித்த பச்சைப் பட்டாணியும் பொடித்த பெல்லட்டும் கலந்து, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் மருந்தைச் சேர்த்துத் தட்டில் ஊற்றினோம். சூட்டில் சேர்த்தால் மருந்து கெடும், மிகவும் ஆறவிட்டால் கடல்பாசி உறைந்துவிடும். இடையில் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். உறைந்த பிறகு உளுந்தளவுக்கு நறுக்கி ஃபிரிட்ஜில் வைத்து, வேளைக்கு வேளை கையில் பிடித்துக் காட்டினோம். முதல் துண்டைக் கேசரி வாயில் வாங்கித் துப்பியது. மறுபடி வாங்கியது. மென்றது. என் மகள் நோட்டில் ‘சாப்பிட்டாள்’ என்று எழுதினாள். அதுவரை ‘சாப்பிட்டது’ என்றுதான் எழுதிக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு எதற்கு என்று கேட்டவர்களுக்கு அப்போது என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. மீனுக்கு வலி தெரியாது என்று உறுதியாகச் சொன்னார்கள். ஸ்காட்லாந்தில் ராஸ்லின் ஆய்வு நிறுவனத்தில் லின் ஸ்னெடனும் உடன் ஆய்ந்தவர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வை அவர்கள் படித்திருந்தால் அவ்வளவு உறுதி வந்திருக்காது. டிரவுட் மீனின் உதட்டில் அசிட்டிக் அமிலத்தைச் செலுத்தினார்கள். அது உதட்டைத் தரைக் கற்களில் தேய்த்தது, செவுள் வேகமாக அடித்தது, வெகுநேரம் தீனியைத் தொடவில்லை. வலியை உணரும் நரம்பு முனைகள் அதன் முகத்தில் இருப்பதையும் கண்டார்கள். ஆய்வுக் கட்டுரை எதையும் நீங்கள் படித்ததில்லை. ஆனால் வீங்கிய மீனைப் பிடிக்கும் முன் உள்ளங்கையை நனைத்துக்கொள்ள வேண்டும் என்று முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். மீன் விற்றுப் பிழைக்கும் ஒருவருக்கு மீனின் மேல் இவ்வளவு இரக்கம் இருக்க முடியும் என்பதை உங்களிடம்தான் பார்த்தேன். விலையைக் கேட்டு வைத்தியத்தை அளக்கிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் வாதாடுவதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த உயிர் நோயில் கிடக்கும்போது அதற்குக் கடைவிலை பார்ப்பது எனக்குச் சம்மதமில்லை, அவ்வளவுதான்.

செதில் வாலிலிருந்து படியத் தொடங்கியது. தினமும் ஒரே கோணத்தில், ஒரே வெளிச்சத்தில் மேலிருந்து போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினோம். நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, போன வாரப் படத்தோடு வைத்துப் பார்த்தால் தெரிந்தது. பொங்கல் கழிந்து, தை பாதியில், கேசரி பெரிய தொட்டிக்குத் திரும்பினாள். இடது கண் மட்டும் கொஞ்சம் துருத்தியபடியே நின்றுவிட்டது. படம் பார்த்ததும் நீங்கள் அனுப்பிய குரல் பதிவை என் மனைவி இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறாள். அதில் நீங்கள் மீனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “பாப்பாவைத் தூங்கச் சொல்லுங்க, கண்ணெல்லாம் உள்ள போயிருக்கும்” என்றிருந்தீர்கள்.

ஒரு வருடத்துக்கும் மேலாக நன்றாகவே இருந்தாள். தொப்பி வளர்ந்து கண்ணோரம் வரை வந்தது. போன வருடம் கத்திரி வெயிலில் நோய் திரும்பியது. தண்ணீர் இருபது டிகிரியில் இருந்தால் லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம் ஆக்சிஜன் வரை பிடித்துவைக்கும். முப்பதில் ஏழரைதான். எங்கள் மாடி வீட்டில் தொட்டி நீர் முப்பதைத் தாண்டியது. ஏர் ஸ்டோனைக் கூட்டினோம், மின்விசிறியைத் தொட்டியை நோக்கித் திருப்பினோம், டப்பை மறுபடி இறக்கினோம், எல்லாவற்றையும் அதே ஒழுங்கில் செய்தோம். இந்த முறை இரண்டு கண்களும் துருத்தின. தீனியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். டாக்டர் மருந்தை மாற்றிப் பார்த்தார். கடைசியில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தாள்.

நீங்கள் பேருந்து ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். டப்பின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தீர்கள். “இனிமே பண்றது மீனுக்கு இல்ல தம்பி, நம்ம மனசுக்கு” என்றீர்கள். டாக்டரிடமும் பேசினீர்கள், அவரும் அதையே சொன்னார். பல்வலிக்கு வைக்கும் கிராம்புத் தைலம் பையில் கொண்டுவந்திருந்தீர்கள். தைலம் தண்ணீரில் தானாகக் கரையாது. சின்ன பாட்டிலில் வெதுவெதுப்பான நீரோடு சேர்த்துப் பால் நிறம் வரும்வரை குலுக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். முதலில் கொஞ்சம், மயங்குவதற்கு. மீன் அடங்கிய பிறகு மிச்சம். செவுள் நின்ற பிறகும் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் அப்படியே விட வேண்டும். கழிவறையில் கொட்டுவதும் ஃப்ரீசரில் வைப்பதும் கொடுமை, அப்படிச் செய்கிறவர்களும் கொடுமை என்று தெரியாமலே செய்கிறார்கள் என்று என் மகளிடம் பொறுமையாகச் சொன்னீர்கள். அவளை அறைக்கு வெளியே அனுப்பவில்லை. இருக்கிறாயா, போகிறாயா என்று அவளிடமே கேட்டீர்கள். அவள் இருந்தாள். அந்த வயதுப் பிள்ளைக்கு இதைக் காட்டலாமா என்று எனக்குள் இருந்த தயக்கம், நீங்கள் அவளிடம் பேசிய விதத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

அந்த மீன் இரண்டாம் முறை பிழைக்கவில்லை என்பதால் உங்கள் மேல் எனக்குள்ள நன்றி குறையவில்லை. வைத்தியத்தைத் தொடங்கச் சொன்னவரும் நீங்கள்தான், நிறுத்தச் சொன்னவரும் நீங்கள்தான். இரண்டிலும் கேசரியைத்தான் பார்த்தீர்கள். அந்தப் பேருந்துக் கட்டணத்தைக்கூட என்னிடம் வாங்கிக்கொள்ளவில்லை.

இன்னும் ஒரு செய்தி சொல்லிவிட்டு முடிக்கிறேன். எங்கள் அடுக்ககத்தில் கீழ்த்தளத்தில் தனியாக இருக்கும் பாட்டியின் ஃபைட்டர் மீனுக்கு வால் அழுகிக்கொண்டு வருகிறது. வெள்ளை டப்பும் நீங்கள் கொடுத்த ஸ்பாஞ்சும் இப்போது அவர் வீட்டில் இருக்கின்றன. என் மகள் நோட்டை எடுத்துக்கொண்டு காலையும் மாலையும் போய் வருகிறாள். பாட்டி உங்களிடம் நேரிலேயே பேச வேண்டுமாம். எண் கொடுக்கட்டுமா? காது கொஞ்சம் மந்தம், சத்தமாகப் பேச வேண்டியிருக்கும். தெருமுனை வாதாமரத்தின் இலைகளைப் பழுத்து விழுந்ததும் பொறுக்கி, கழுவி, நிழலில் உலர்த்தி வைத்திருக்கிறோம். அரிசி மூட்டை ஒன்று நிறைந்துவிட்டது. உங்கள் புது ஃபைட்டர் குஞ்சுகளின் தண்ணீரில் போடப் போதுமா என்று சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன்.

உங்கள் தம்பி,
கேசரி வீடு, பெரம்பூர்